பட்டறை கேள்வி பதில்: சைலன்சரும் நீளும்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "சைலன்சரைப் புதிதாகச் செய்து மாட்டுவது தனிக் கதை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்தத் தனிக் கதையைச் சொல்லச் சொல்லித்தான் இந்த முறை பாதிக்கு மேல் கடிதங்கள். மதுரை பழங்காநத்தத்தில் லாரி சைலன்சருக்கு ஒட்டுப் போட்டுத் தொழில் பழகியவன் நான். இப்போது கார்களுக்கு எவர்சில்வர் பைப்பில் செய்து தருகிறேன். எனக்கும் வாய் ஊறுகிற விஷயம்தான், சரி, ஆரம்பிப்போம்.

அண்ணே, என்னிடம் 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. முழுக்க எவர்சில்வரில் செய்து மாட்ட ஆசை. மூன்று இன்ச் பைப் போட்டால்தான் பவர் கூடும், அதற்குக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். மதுரையில் முடியாதா? வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

தம்பி, மூன்று இன்ச்சை முதலில் மறந்துவிடுங்கள். உங்களுடையது 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைசக்தி. அதற்கு இரண்டேகால் இன்ச், அதாவது 57 மில்லிமீட்டர் பைப் தாராளம். புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவுக்குப் பின்னால் அடைப்பு குறைந்தால் நல்லது என்பது உண்மை. ஆனால் ஒரு அளவைத் தாண்டிப் பைப்பைப் பெரிதாக்கினால் பவர் அங்கேயே நின்றுவிடும். சத்தமும் எடையும் மட்டும் ஏறும். அதுபோக, மூன்று இன்ச் பைப்பைப் போலோவின் பின் அச்சுக்கு மேலே நுழைப்பது மாசி வீதிச் சந்துக்குள் லாரியைத் திருப்புகிற கதை.

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. ரேஸ் வண்டி வேலை தெரிந்த பட்டறைகளும் அங்கே உண்டு. மறுக்கவில்லை. ஆனால் இதற்கு வேண்டியது சுத்தமாக ஆர்கான் வெல்டிங் பிடிக்கிற கை. பால் டேங்கும் ஹோட்டல் கிச்சன் சாமானும் செய்கிற நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வண்டிக்கு அடியில் நின்று, எது எந்தப் பக்கம் அசையும் என்று யோசிக்கிற ஆள்தான் குறைவு.

வளைவுகளில் ஆரம்பிக்கிறேன். சாதாரண பெண்டிங் மிஷினில் வளைத்தால் வளைவின் உள்பக்கம் நசுங்கும். நீங்கள் 57 மில்லி பைப்புக்குக் காசு கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதைவிடக் குறுகிய தொண்டையோடு ஓட்டுவீர்கள். எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் பைப்புக்குள் ஆற்று மணலை இடித்து நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டையை அடித்து இறுக்கி, கேஸில் சிவக்கக் காய்ச்சி வளைப்பார். வைகை மணல் சும்மா கிடைத்த காலம் அது. இப்போது உள்ளே குண்டு கொடுத்து வளைத்த மாண்ட்ரல் பெண்டுகள் 45 டிகிரி, 90 டிகிரி என்று ரெடிமேடாக வருகின்றன. வேண்டிய கோணத்துக்கு அறுத்து ஒட்டினால் போதும். பட்டறைக்குப் போனதும் வளைவைத் தடவிப் பாருங்கள். சுருக்கமோ தட்டையோ விரலில் தட்டுப்பட்டால் வேறு கடை பார்க்கலாம்.

அறுப்பதற்கு நான் வைத்திருக்கும் கருவி சிவகாசி காலண்டர். சிரிக்காதீர்கள். 57 மில்லி பைப்பின் சுற்றளவு 18 சென்டிமீட்டர். முடிந்துபோன மாதத் தாளைக் கிழித்துப் பைப்பைச் சுற்றி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பென்சில் கோடு போட்டால் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக வரும். அந்தக் கோட்டில் அறுத்த இரண்டு முனைகளைச் சேர்த்து வெளிச்சத்தில் காட்டினால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த இடைவெளியைக் கம்பி ஊற்றி நிரப்ப வேண்டும், அங்கே சூடு கூடும், பைப் கோணும்.

பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியிலேயே ஒவ்வொரு துண்டாகப் பிடித்து நாலு இடத்தில் டாக், அதாவது நிற்பதற்கு மட்டும் பொட்டு வெல்டிங், அடிப்போம். பெட்ரோல் டேங்க் பக்கம் ஈரச்சாக்கு. புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் அதற்கு முன்னால் இருக்கும் எதையும் நான் தொடுவதில்லை; அதற்குப் பின்னால்தான் என் வேலை தொடங்கும். போலோவில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அது முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள முன்னாலேயே வலை போட்ட பெல்லோஸ், அதாவது வளைந்து கொடுக்கிற மடிப்புக் குழாய் ஒன்று இருக்க வேண்டும். "அது எதுக்குங்க, நேர்பைப்பே போட்டுருவோம்" என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சில மாதத்தில் வெல்டிங் ஓரமாக விரிசல் விடும்.

இப்போது என் சொந்த அவமானம் ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு சின்ன டர்போ காருக்கு இரண்டு நாள் உட்கார்ந்து அழகாகப் பைப் இழைத்தேன். லிஃப்டில் பார்த்தால் பின் அச்சுக்கும் பைப்புக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. இறக்கி, சாவியைக் கொடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "அண்ணே, திருநகர் ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்குனா யாரோ சுத்தியல வச்சு அடிக்கிற மாதிரி இருக்கு." லிஃப்டில் தூக்கும்போது சக்கரங்கள் தொங்கும், அச்சும் கீழே இறங்கிவிடும். தரையில் நின்றால் அச்சு மேலே வரும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் இன்னும் மேலே வரும். நான் தொங்குகிற அச்சுக்கு அளவெடுத்திருந்தேன். மொத்தத்தையும் அறுத்து, என் செலவில் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து டாக் அடித்ததும் பின் சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தி, பையன்கள் மூன்று பேரைப் பின் சீட்டில் உட்கார வைத்து, டார்ச் அடித்துப் பார்க்காமல் விடுவதில்லை. உங்கள் வண்டிக்கும் இதைச் செய்யச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், நீங்களே ஏறி உட்காருங்கள்.

அடுத்தது, பெரும்பாலான பட்டறைகள் கோட்டைவிடுகிற இடம். எவர்சில்வர் சூட்டில் நீளும். ஒரு மீட்டர் பைப்பை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 1.7 மில்லி வளரும். சாதா இரும்பு 1.2 மில்லிதான். உங்கள் வண்டியின் அடியில் ஓடும் பைப் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்குவழிச் சாலையில் விரட்டிக்கொண்டு வந்தால் சராசரியாக 300 டிகிரி ஏறிவிடும். கணக்குப் போட்டால் 13 மில்லி, சுண்டுவிரல் அகலம். குளிர்ந்த வண்டியில் பம்பர் வெட்டுக்குள் சரியாகப் பொருந்திய வால்முனை, சூடானதும் அந்த அளவுக்குப் பின்னால் தள்ளி நிற்கும். முன்பக்கம் இன்ஜினோடு கட்டிய பைப், பின்பக்கம்தானே போக முடியும்? அதனால் பைப்பை ரப்பரில்தான் தொங்கவிட வேண்டும். ஹேங்கர் கம்பிகளைப் பொருத்தும்போது ரப்பர் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தபடி இருக்கட்டும், சூடானதும் நேராகிவிடும். "ஆடுது" என்று சொல்லி நட்டு போட்டு பாடியோடு இறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பைப் வளர இடம் தேடி, கடைசியில் வெல்டிங்கைக் கிழிக்கும், இல்லையென்றால் பாடி பிராக்கெட்டைப் பிய்க்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் முழு வெல்டிங். டாக் அடித்ததை வண்டியிலிருந்து இறக்கி மேஜையில் வைத்துச் செய்ய வேண்டும். வெளியே வெல்டிங் டார்ச்சிலிருந்து ஆர்கான் வாயு வருவது போலப் பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் ஓட வேண்டும். இரண்டு முனையையும் அலுமினியத் தாளால் அடைத்து, ஒரு பக்கம் ட்யூபைச் சொருகிவிடுவோம். இந்தச் செலவை மிச்சம் பிடித்தால் வெல்டிங்கின் உள்பக்கம் கருப்பட்டியை உடைத்து ஒட்டிய மாதிரி பொரிந்து நிற்கும். காற்று போவதற்கும் இடைஞ்சல், விரிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். வெளியே நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் மஞ்சள் இருந்தால் கை தேர்ந்தவர். லேசான நீலம் பரவாயில்லை. சாம்பலாகக் கருத்திருந்தால் சூட்டை அளவுக்கு மீறிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பைப்பைப் போல்ட் போட்டுச் சேர்க்கிற பிளேஞ்சை வெல்டு செய்யும்போது தடியான தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். சும்மா வைத்து ஊதினால் பிளேஞ்ச் அப்பளமாக நெளியும், கேஸ்கெட் எத்தனை மாற்றினாலும் புகை கசியும்.

வால்முனை பம்பரைத் தாண்டி வெளியே வரட்டும். உங்களுடையது ஹேட்ச்பேக், ஓடும்போது பின்பக்கம் காற்று சுழன்று திரும்பும். பைப் உள்ளடங்கி முடிந்தால் புகையை டிக்கி ரப்பர் சந்து வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

என்னுடையது பழைய ஹோண்டா சிட்டி விடெக், 1.5 லிட்டர். ஒரு கடையில் இரண்டரை இன்ச் நேர்பைப் போட்டேன். ஊருக்குள் கேட்க நன்றாக இருக்கிறது. மேலூர் தாண்டி 3,000 ஆர்பிஎம்மில் நிலையாகப் போனால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரே ரீங்காரம். மனைவி வண்டியில் ஏற மறுக்கிறார். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவையும் குறைந்துவிட்டது.
- ஒரு வாசகர், ஒத்தக்கடை

மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல இன்ஜினை வைத்துக்கொண்டு இப்படிச் செய்துவிட்டீர்களே.

இழுவையை முதலில் பார்ப்போம். உங்கள் வண்டியில் டர்போ இல்லை. ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியேறுகிற புகை, தனக்குப் பின்னால் ஒரு இழுப்பை உண்டாக்கி அடுத்த சிலிண்டரைச் சுத்தம் செய்ய உதவும். பைப் அகலமானால் வேகம் குறையும், அந்த உதவியும் போய்விடும். "பேக் பிரஷர் வேணும்ணே" என்று எல்லாரும் சொல்வது இதைத் தப்பாகப் புரிந்துகொண்டுதான். அடைப்பு எந்த இன்ஜினுக்கும் நல்லதில்லை, அதற்கு வேண்டியது வேகம். இரண்டு இன்ச்சுக்குத் திரும்புங்கள்.

இனி வண்டு. 3,000 ஆர்பிஎம் என்றால் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று, நொடிக்கு 50 சுற்று. நாலு சிலிண்டர் வண்டியில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பு. ஆக நொடிக்கு 100 அடி, 100 ஹெர்ட்ஸ். உங்கள் கேபினுக்குள் அடைந்திருக்கிற காற்றுக்கும் அந்தச் சுரம் ஒத்துப்போகிறது, அதனால் கூடச் சேர்ந்து பாடுகிறது. இதற்குப் பெரிய சைலன்சர் தேவையில்லை. மெயின் பைப்பிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளைப் பைப் எடுத்து, அதன் கடைசி முனையை மூடி வெல்டு செய்துவிடுவோம். சத்தம் அதற்குள் போய், மூடிய முனையில் முட்டி, அரைச் சுழற்சி தாமதமாகத் திரும்பி வந்து, புதிதாக வருகிற சத்தத்தை அடித்துவிடும். நீளம்தான் சூட்சுமம். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 440 மீட்டர் போகும் என்று வைத்தால், 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.4 மீட்டர், அதில் கால்வாசி 1.1 மீட்டர். புல்லாங்குழலில் துளை தள்ளிப்போனால் சுரம் மாறுகிற அதே கணக்கு.

கிளைக்குள் இருக்கும் புகை ஓடாமல் நிற்பதால் அதன் சூடு வண்டிக்கு வண்டி மாறும். அதனால் நான் ஒரு சாண் கூடுதலாக விட்டு, முனையை நகர்த்துகிற மாதிரி வைத்து, வெள்ளரிப்பட்டி வரை ஓட்டிப் பார்ப்பேன். வண்டு அடங்குகிற இடத்தில் குறி போட்டு, திரும்பி வந்து அறுத்து மூடுவேன். போனமுறை இதற்கு நாலு நடை ஆனது. கூட வந்த வண்டிக்காரர் மூன்றாவது நடையிலேயே "போதும்ணே, இதுவே சொர்க்கம்" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

கிரில் கேட் செய்கிற நண்பர், தன்னிடம் மிச்சமிருக்கும் எவர்சில்வர் பைப்பிலேயே சைலன்சர் செய்யலாம், காந்தம் ஒட்டவில்லை, ஒரிஜினல் என்கிறார். சரியா?
- ஒரு வாசகர், வில்லாபுரம்

கேட்டுக்கும் கைப்பிடிக்கும் வருவது அநேகமாக 202 என்கிற ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. அதிலும் காந்தம் ஒட்டாது, சைலன்சருக்கு வேண்டிய 304 ரகத்திலும் ஒட்டாது. அதனால் காந்தத்தை நம்பிப் பிரயோஜனமில்லை. 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். சூட்டுக்கும் ஈரத்துக்கும் அதுதான் தாங்கும். எவர்சில்வர் பைப் விற்கிற கடைகளில் ரகத்தைச் சோதிக்கிற சொட்டு மருந்து வைத்திருப்பார்கள், ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு வேடிக்கை: கம்பெனியில் மாட்டி வருகிற சைலன்சர்களில் பல 409 ரகம். அதில் காந்தம் ஜோராக ஒட்டும். அதைப் பார்த்து "வெறும் இரும்பை மாட்டி ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இரும்பு அறுத்த கட்டிங் வீலாலேயே எவர்சில்வரை அறுக்கக் கூடாது. வீலில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூள் அதன்மேல் படிந்து, பத்தே நாளில் துருப்புள்ளி பூக்கும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை விடும்போது படபடவென்று வெடிக்கிற மாதிரி செய்து தருவீர்களா? ராத்திரி நத்தம் பாலத்தில் நண்பர்களோடு போவோம்.
- பெயர் வேண்டாம், கே.புதூர்

மாட்டேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படபடப்பு, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடிக்கிற சத்தம். வால்வும் டர்போவும் அந்தச் சூட்டை வாங்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. புகை, சத்த அளவை மீறினால் 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் செல்லாது. கம்பெனியிலிருந்து வெளிவரும்போது காரின் சத்தம் ஓடுகிற சோதனையில் 74 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நான் செய்து தருகிற பைப்பும் கம்பெனி சத்தத்தைத் தாண்டாதபடிதான் செய்கிறேன். திருமங்கலம் தம்பிக்கும் இது சேர்த்துத்தான்.

நத்தம் பாலம் 7.3 கிலோமீட்டர். அதன் இரண்டு பக்கமும் வீட்டு மாடிகள். சித்திரை, வைகாசி வெக்கையில் ஜனங்கள் அந்த மாடிகளில்தான் பாய் விரித்துப் படுக்கிறார்கள். என் தங்கை வீடும் அங்கேதான் இருக்கிறது. டிராக்கில் மட்டும் ஓட்ட, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்றால் வாருங்கள், பேசுவோம்.

பேரையூர் பக்கம் போனபோது ரோட்டில் கொள்ளுச்செடி காயப்போட்டிருந்தார்கள். ஏறித்தான் போக வேண்டியிருந்தது. சிறிது நேரத்தில் காருக்கு அடியில் கருகிய வாடை, புகை. நல்லவேளை அக்கம்பக்கத்தினர் தண்ணீர் ஊற்றினார்கள். கணவர் போன மாதம்தான் புது சைலன்சர் மாட்டினார். அதனால் இருக்குமா?
- ஓர் ஆசிரியை, வாடிப்பட்டி

உயிர் தப்பினீர்கள் அம்மா. கொள்ளு, எள், உளுந்து எதுவானாலும் காய்ந்த கொடி சக்கரத்தோடு சுற்றி மேலே ஏறி, அடியில் இருக்கிற பைப்பில் கயிறு மாதிரி சிக்கிக்கொள்ளும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே 400 டிகிரிக்கு மேல் போனால்தான் ஒழுங்காக வேலை செய்யும். காய்ந்த சருகுக்கு அந்தச் சூடு போதும்.

புது சைலன்சரைக் குற்றம் சொல்லும்முன் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி வண்டியில் பைப்புக்கும் கன்வெர்ட்டருக்கும் அலுமினியத் தகடு, இரும்புத் தகடு என்று மறைப்பு கொடுத்திருப்பார்கள். சைலன்சர் மாற்றும்போது அது கடகடவென்று ஆடுகிறது என்று கழற்றி மூலையில் எறிந்துவிடுவது எங்கள் தொழிலில் இருக்கிற கெட்ட பழக்கம். நானும் ஆரம்பத்தில் எறிந்தவன்தான். மூலையில் கிடந்தால் எடுத்து மாட்டுங்கள், இல்லையென்றால் புதிதாக வெட்டி மாட்டலாம். புதுப் பைப் பழையதைவிடத் தாழ்ந்து தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

அறுவடை நாளில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், கொடியைத் தாண்டியதும் வெறும் தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, குனிந்து பார்த்துவிடுங்கள். ஏதாவது சிக்கியிருந்தால் கையை விடாமல் கம்பாலோ கொக்கியாலோ இழுங்கள். கொடிமேலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு போன் பேச வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. இன்ஜின் போச்சா?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

போகவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான பைப்பில் அது ஆவியாகப் போய்விடும். காலையில் பைப் குளிர்ந்திருப்பதால் உள்ளேயே தண்ணீராகிச் சொட்டுகிறது. தெளிந்த தண்ணீராக இருந்து, ரேடியேட்டரில் அளவு குறையாமல் இருக்கும்வரை கவலையில்லை. தினமும் கடைத்தெரு வரை மட்டும் போய் வருகிற வண்டி என்றால் அந்தத் தண்ணீர் சைலன்சர் வயிற்றிலேயே தேங்கி, உள்ளிருந்து துரு அரிக்கும். வாரத்துக்கு ஒருமுறை செக்கானூரணி வரையாவது ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.